கொச்சியிலிருந்து டொராண்டோ வரை: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பயணச்சீட்டு எடுத்துத் தரும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏனுங்க தம்பி, பையன் இங்க ஏறுனா எத்தன மணி நேரத்துல எறங்குவான்?" இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம், விமானம் எவ்வளவு நேரம் பறக்கும், நம் வீட்டு வாசலிலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பவை அவை. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்களே தவறான நாளில் விமான நிலையத்துக்குப் போய் நிற்கிறார்கள். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் செய்து வந்தால் அந்தக் குழப்பம் நேராது. எடுத்துக்காட்டு முழுவதும் கொச்சியிலிருந்து துபாய் வழியாக டொராண்டோ செல்லும் பயணமாகவே இருக்கும். இதில் வரும் புறப்பாட்டு, வருகை நேரங்கள் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் சீட்டில் உள்ள நேரத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பயண நாள், ஒவ்வொரு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும், அந்த நாளில் அந்த ஊரின் கடிகாரம் உலகப் பொது நேரத்திலிருந்து (யு.டி.சி.) எவ்வளவு விலகியிருக்கிறது என்ற விவரம், சைன் கொசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர், ஒரு வெள்ளைத்தாள் ஆகியவை தேவை. கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரைக் குறுக்கே திருப்பினால் பெரும்பாலும் அந்தப் பொத்தான்கள் தெரியும்.

பயண நாளை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கனடாவின் பல பகுதிகளிலும் பிரிட்டனிலும் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நாள் தெரியாமல் நேர வித்தியாசத்தை எழுதினால் ஒரு மணி நேரம் பிசகிவிடும், அந்தப் பிசகு கடைசிப் படி வரைக்கும் கூடவே வரும்.

2. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு நிலையத்தின் குறியீட்டை எழுதுங்கள்

கொச்சி நெடும்பாசேரி நிலையத்தின் குறியீடு சி.ஓ.கே., கோயம்புத்தூருடையது சி.ஜே.பி., துபாயின் பழைய பெரிய நிலையத்துக்கு டி.எக்ஸ்.பி., டொராண்டோ பியர்சனுக்கு ஒய்.ஒய்.இசட். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. துபாயில் டி.டபிள்யூ.சி. என்ற இன்னொரு நிலையம் இருக்கிறது. டொராண்டோவில் ஏரிக்கரையில் பில்லி பிஷப் என்ற சிறிய நிலையம் ஒன்றும் உண்டு.

நம் பிள்ளைகள் விஷயத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது லண்டன். இங்கிலாந்தில் உள்ள லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எனப் பல நிலையங்கள் இருக்கின்றன. அதைத் தவிர, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே உள்ள பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் பலர். அதன் விமான நிலையக் குறியீடு ஒய்.எக்ஸ்.யு. இரண்டு லண்டன்களுக்கும் நடுவே அட்லாண்டிக் பெருங்கடலே கிடக்கிறது.

3. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

சில இடங்களில் இவற்றைப் பாகை (டிகிரி), கலை (மினிட்) என்று கொடுத்திருப்பார்கள், சில இடங்களில் தசமமாகக் கொடுத்திருப்பார்கள். கால்குலேட்டருக்குத் தசமம்தான் வேண்டும். கொச்சி நிலையம் 10 பாகை 9 கலை வடக்கு. 9-ஐ 60-ஆல் வகுத்தால் 0.15 வருவதால் அது 10.15 ஆகிறது. புதிதாகச் செய்பவர்கள் இதை 10.09 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பது மனத்தில் இருந்தால் இந்தத் தவறு வராது.

அடுத்தது குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். நமக்கான எண்கள் இவை: கொச்சி 10.15, 76.40. துபாய் 25.25, 55.37. டொராண்டோ 43.68, கழித்தல் 79.63.

டொராண்டோவின் கழித்தல் குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. தூரம் 3,740 கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்த இடம் கனடாவில் இல்லை, கஜகஸ்தானில் அல்மாட்டி நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. விடை பார்வைக்கு நம்பும்படியான எண்ணாகவே இருக்கும் என்பதால்தான் இந்தத் தவறு எளிதில் பிடிபடுவதில்லை.

4. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் இது கிடைக்காது. தட்டை வரைபடம் துருவப் பக்கத்து நிலங்களை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதே அதற்குக் காரணம்.

கணக்கு இப்படி: இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்கி ஓரிடத்தில் எழுதுங்கள். அதே அட்சரேகைகளின் கொசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் மீண்டும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, அந்தத் தொகைக்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) எடுத்தால் கோணம் பாகையில் வரும். ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதிலிருந்து இந்த எண் வருகிறது.

கொச்சி, டொராண்டோ: சைன்களின் பெருக்கல் 0.1217. கொசைன்களின் பெருக்கல் 0.7119. தீர்க்கரேகை வித்தியாசம் 76.40-உம் 79.63-உம் சேர்ந்து 156.03 பாகை, அதன் கொசைன் கழித்தல் 0.9138. ஆகவே இரண்டாம் பகுதி கழித்தல் 0.6505. கூட்டினால் கழித்தல் 0.5288. தலைகீழ் கொசைன் 121.92 பாகை. 111.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13,557 கிலோமீட்டர்.

கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா, ரேடியன் முறையில் இருக்கிறதா என்பதைத் தொடங்கும் முன்பே பாருங்கள். 30-இன் சைன் 0.5 என்று வந்தால் பாகை முறை. வேறு எதுவும் வந்தால் முறையை மாற்றாமல் மேலே போக வேண்டாம்.

விடை சரியா என்று பார்க்கப் பள்ளிக்கூட உலக உருண்டையும் தையல் நூலும் போதும். என் மேசையில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்று இருக்கிறது. அதன் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 425 கிலோமீட்டர். நூலின் ஒரு முனையைக் கொச்சியில் விரலால் அழுத்தி, மறுமுனையை டொராண்டோவில் வைத்து இறுக்கி இழுத்தால், நூல் மேற்கே அரபிக்கடல் பக்கம் போகாமல் சற்றே மேற்கு சாய்ந்து வடக்காக எழும்பி, ரஷ்யாவைக் கடந்து, நார்வேக்கு அப்பால் உள்ள கடலின் மேல் 70 பாகை வடக்கு வரை ஏறி, கிரீன்லாந்தைத் தாண்டி மறுபக்கம் கனடாவில் இறங்கும். நூலை எடுத்து அளந்தால் 32 சென்டிமீட்டரை ஒட்டி வரும். கணக்கும் நூலும் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம். கூகுள் மேப்ஸில் உள்ள தூரம் அளக்கும் வசதியும் இந்தப் பெருவட்டத் தூரத்தையே தருகிறது.

5. இடையில் இறங்கும் நிலையம் இருந்தால் துண்டு துண்டாகக் கணக்கிடுங்கள்

இதே முறையில் கொச்சியிலிருந்து துபாய் சுமார் 2,780 கிலோமீட்டர், துபாயிலிருந்து டொராண்டோ சுமார் 11,080 கிலோமீட்டர். மொத்தம் 13,860. நேர்ப்பாதையைவிட 300 கிலோமீட்டர் அளவே கூடுதல். துபாயில் இறங்கி ஏறுவது சுற்றுவழி என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் தூரத்தைப் பொறுத்தவரை அந்தச் சுற்று மிகச் சிறியது. நேரம் கூடுவதெல்லாம் அங்கே காத்திருப்பதனால்தான்.

மொத்தத் தூரத்தை ஒரே விமானம் பறப்பதுபோல வைத்துக் கணக்கிடக் கூடாது. ஒவ்வொரு விமானமும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், ஏறுவதிலும், இறங்குவதிலும் தனியாக நேரம் செலவழிக்கிறது.

6. தூரத்தைப் பறக்கும் நேரமாக மாற்றுங்கள்

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கின்றன. இருந்தாலும் நான் தூரத்தை 850-ஆல் வகுத்து, அதனுடன் 40 நிமிடம் கூட்டுவதே வழக்கம். விமானம் பெருவட்டக் கோட்டின் மேலேயே போவதில்லை, வகுக்கப்பட்ட வான்வழிகளில் வளைந்துதான் போகிறது என்பதற்காக வேகத்தைக் குறைத்து வைக்கிறேன். அந்த 40 நிமிடம் நிலையத்திலிருந்து நகர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் ஆனது. சீட்டில் அச்சாகும் நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு அசைவதிலிருந்து மறுபடி நிற்குமிடத்தில் வந்து நிற்பது வரையிலானது. அது காற்றில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல.

கொச்சி, துபாய்: 2,780-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 16 நிமிடம். கூட்டினால் 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. துபாய், டொராண்டோ: 13 மணி 2 நிமிடம், கூட்டினால் 13 மணி 42 நிமிடம்.

இதில் காற்றைச் சேர்க்க வேண்டும். விமானங்கள் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கும். 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு எதிரே 100 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், 3,000 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 45 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி நேரம்தான். அதனால்தான் டொராண்டோ போகும்போது 14 மணி நேரத்தை ஒட்டியும், திரும்பும்போது பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டியும் ஆகிறது. போன நேரத்தையே வரும் நேரமாக எழுதிக்கொள்வது தவறு.

வான்வெளி மூடல் என்பது கணக்கில் அடங்காத இன்னொன்று. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவும் மேற்கு நாடுகள் பலவும் ஒன்றின் விமானங்களை மற்றொன்று அனுமதிக்கவில்லை. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் அவ்வாறே செய்தன. ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நிறுவனத்தின் விமானம் இன்னொன்றைவிடக் கூடுதல் நேரம் எடுத்தால், முதலில் இந்தக் காரணத்தைப் பாருங்கள். உங்கள் மதிப்பீடும் சீட்டில் உள்ள நேரமும் அரை மணி நேரத்துக்குள் ஒத்துப்போனால் சீட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளலாம். காற்றோ வான்வெளி மூடலோ காரணமாக இல்லாமல் அதைவிட விலகினால் குறியீட்டையோ நேர மண்டலத்தையோ தவறாக எடுத்திருக்கிறீர்கள் என்று கொண்டு முதலிலிருந்து பாருங்கள்.

7. எல்லா நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழியுங்கள்

இந்தப் படியில்தான் மிக அதிகமானோர் தடுமாறுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சீட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். இரண்டு வெவ்வேறு கடிகாரங்களின் எண்களை நேரடியாகக் கழித்தால் வருவது பயண நேரம் ஆகாது.

யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தைவிட இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் 4 மணி நேரம், தோஹா 3 மணி நேரம், சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால். இந்த ஊர்களில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டொராண்டோ குளிர்காலத்தில் 5 மணி நேரமும் கோடையில் 4 மணி நேரமும் பின்னால். அங்கே மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. இரண்டும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கோடைக்கால எடுத்துக்காட்டு: கொச்சியில் திங்கள் விடியற்காலை 4.30-க்குப் புறப்பாடு. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் ஞாயிறு 23.00 யு.டி.சி. 4 மணி நேரம் பறந்து திங்கள் 3.00 யு.டி.சி.க்கு துபாய், அங்கே காலை 7.00. மூன்றரை மணி நேரம் காத்திருந்து, உள்ளூர் 10.30-க்கு, அதாவது 6.30 யு.டி.சி.க்கு அடுத்த விமானம். 14 மணி நேரம் பறந்தால் 20.30 யு.டி.சி. டொராண்டோவில் அப்போது திங்கள் மாலை 4.30.

காலை 4.30-க்கு ஏறி மாலை 4.30-க்கு இறங்குவதைப் பார்த்து, பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஞாயிறு 23.00-இலிருந்து திங்கள் 20.30 வரை இருபத்தொன்றரை மணி நேரம். விடுபட்டுப் போன ஒன்பதரை மணி நேரம் இரண்டு ஊர்களின் கடிகார வித்தியாசம்.

திரும்பும் பயணம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. டொராண்டோவில் ஞாயிறு இரவு 10.00-க்குப் புறப்பட்டால் அது திங்கள் 2.00 யு.டி.சி. பன்னிரண்டரை மணி நேரத்தில் துபாய், உள்ளூர் திங்கள் மாலை 6.30. இரவு 10.00-க்கு அடுத்த விமானம், 3 மணி 45 நிமிடத்தில் கொச்சி. அப்போது 21.45 யு.டி.சி., நம் நேரம் செவ்வாய் அதிகாலை 3.15. ஞாயிறு ஏறியவர் செவ்வாய் இறங்குகிறார். சீட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் 1 அல்லது கூட்டல் 2 என்று சிறிதாக இருப்பது இதைத்தான் குறிக்கிறது.

செவ்வாய் அதிகாலை 3.15 என்றால் அழைத்து வரப் போகிறவர்கள் திங்கள் இரவே காரில் ஏற வேண்டும். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் இதைச் செவ்வாய் இரவு என்று புரிந்துகொண்டது. செவ்வாய் காலையில் அந்தப் பெண் நெடும்பாசேரியில் பெட்டிகளுடன் வெளியே வந்தபோது எவரும் இல்லை. அவளிடம் இருந்த கனடா சிம்மில் இங்கே பேச முடியவில்லை, பக்கத்தில் நின்ற ஒருவரின் கைப்பேசியை வாங்கித்தான் வீட்டுக்குச் சொன்னாள். வண்டி போய்ச் சேரும் வரை நான்கு மணி நேரம் அங்கேயே காத்திருந்தாள். அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். நேரத்தைச் சொன்னேனே தவிர, எந்த இரவு புறப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட எந்த நேரத்தையும் கிழமையுடன், முந்தைய இரவையும் சேர்த்தே எழுதுகிறேன். வளைகுடா விமானங்கள் பல அந்த நேரத்தில்தான் வந்து போகின்றன.

8. இடைத்தங்கல் போதுமா என்று பாருங்கள்

இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்கிறது, பெட்டியும் நேராகப் போய்விடும். விலை குறைகிறதே என்று இரண்டு தனிச்சீட்டுகளாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கலாம், அதற்கு விசாவும் தேவைப்படலாம். தனிச்சீட்டு என்றால் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் எவருக்கும் எடுத்துத் தருவதில்லை.

அமெரிக்கா போகிறவர்கள் பெரும்பாலும் அந்நாட்டில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைத்துவிட்டுத்தான் உள்நாட்டு விமானத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளி போதாது.

9. வீட்டிலிருந்து நிலையம் வரையிலான வழியைக் கடைசியில், பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எங்கள் பக்கத்தில் இரண்டு நிலையங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் பீளமேடு 50 கிலோமீட்டருக்குள். பாலக்காடு, வடக்கஞ்சேரி, குதிரான், சாலக்குடி, அங்கமாலி வழியாக நெடும்பாசேரி 130 கிலோமீட்டரை ஒட்டி. அருகில் இருக்கிறது என்பதற்காகவே கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கிருந்து நேராக வெளிநாடு போகும் விமானங்கள் சார்ஜா, சிங்கப்பூர் போன்ற ஒருசில ஊர்களுக்குத்தான். மற்ற ஊர்களுக்குச் சென்னையிலோ மும்பையிலோ டெல்லியிலோ மாறி ஏற வேண்டும். சாலையில் மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தை அங்கே இழந்துவிடுவீர்கள்.

புறப்பாட்டு நேரத்திலிருந்து பின்னால் வாருங்கள். விமானம் 4.30-க்கு. கவுண்டரைப் பல நிறுவனங்கள் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதால், 3 மணி நேரம் முன்பாக 1.30-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். குதிரான் சுரங்கம் திறந்த பிறகு அந்த மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும் நிலை மாறிவிட்டது, ஆனாலும் சாலைக்கு 3 மணி நேரமும், டயர் பஞ்சர், சுங்கச்சாவடி நெரிசல் என்று எதிர்பாராதவற்றுக்கு ஒரு மணி நேரமும் வையுங்கள். ஞாயிறு இரவு 9.30-க்குக் கொழிஞ்சாம்பாறையில் கார் புறப்பட வேண்டும். ஓணத்தை ஒட்டிய நாட்களில் இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். மறுநாள் ஹர்த்தால் (முழு அடைப்பு) என்று அறிவிப்பு வந்தால் இருட்டிலேயே நிலையத்துக்குள் போய்விடுவது நல்லது.

அங்கே இறங்கிய பிறகும் இதே கவனம் தேவை. மாலை 4.30-க்கு டொராண்டோவில் இறங்கும் மாணவிக்குக் குடியேற்ற வரிசையும் படிப்பு அனுமதிச் சீட்டும் முடிய 2 மணி நேரம், பேருந்துக்குக் காத்திருக்க அரை மணி, ஒன்டாரியோ லண்டனுக்கு இரண்டரை மணி என்று வைத்தால் அறைக்குள் நுழையும்போது இரவு 9.30. உலகப் பொது நேரத்தில் ஞாயிறு 16.00-இலிருந்து செவ்வாய் 1.30 வரை, அதாவது முப்பத்து மூன்றரை மணி நேரம். பறக்கும் நேரம் அதில் 18 மணி மட்டுமே. சாப்பாடு, மாத்திரை, கைப்பேசிச் சார்ஜ் ஆகியவற்றை அந்த முப்பத்து மூன்றரை மணி நேரத்துக்குத்தான் திட்டமிட வேண்டும்.

10. இரண்டு கடிகாரங்களையும் எழுதி வீட்டில் கொடுங்கள்

கணக்கு முடிந்ததும் அரைத்தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள், இடப்பக்கம் நம் நேரம், வலப்பக்கம் அந்த ஊர் நேரம், இரண்டிலும் கிழமையுடன். தொலைபேசி அழைப்பை எப்போது எதிர்பார்க்கலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும், ஏனெனில் வீட்டில் இருப்பவர்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பது அந்த ஒரு அழைப்புக்காகத்தான். மேலே சொன்ன பயணத்துக்கு நான் எழுதிக் கொடுத்தால் தாளில் இப்படி இருக்கும்:

ஞாயிறு இரவு 9.30: வீட்டிலிருந்து கார்.
திங்கள் விடியற்காலை 4.30: கொச்சியில் விமானம்.
திங்கள் காலை 8.30, அங்கே 7.00: துபாய். வைஃபை கிடைத்தால் செய்தி வரும்.
திங்கள் பகல் 12.00, அங்கே காலை 10.30: துபாயில் அடுத்த விமானம். அதன் பிறகு 14 மணி நேரம் அழைப்பு வராது.
செவ்வாய் அதிகாலை 2.00, அங்கே திங்கள் மாலை 4.30: டொராண்டோ.
செவ்வாய் காலை 7.00, அங்கே திங்கள் இரவு 9.30: அறை.